ரீச்சரிடம் கேளுங்கள்: "எங்கள் சபை ஏன் இன்னும் தனியாக நிற்கிறது?"

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவில் நான் மெதடிஸ்த சபைக்காரி, ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் செய்கிறவள் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சேர்ச் பற்றியவை. பிள்ளைகளின் கணக்குப் பாடம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் பிறப்பிலேயே மெதடிஸ்த சபை. வயது 24. எங்கள் சேர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இருபது பேர்தான், அதில் பாதிப் பேருக்கு மூட்டு நோ. பாட்டு இழுபட்டு இழுபட்டுப் போகும். என் சிநேகிதர்கள் ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு ஜெப மண்டபத்துக்குப் போகிறார்கள். அங்கே கீபோட், ட்றம்ஸ், திரையில் பாட்டு வரி எல்லாம் இருக்கிறது. நாங்களும் அப்படி மாறினால் என்ன? இல்லையென்றால் எல்லாச் சபையும் ஒன்றாகிவிட்டால் என்ன?
– ஓர் இளைஞர், உருத்திரபுரம்

பதில்: தம்பி, பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761இல் ஒரு பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து, எப்படிப் பாடவேண்டும் என்று சில விதிகளையும் அச்சிட்டார். உரத்துப் பாடுங்கள், அரைத் தூக்கத்தில் இருப்பவர் போலப் பாடாதீர்கள், முக்கியமாக இழுக்காதீர்கள், இழுவை சோம்பேறிகளிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவற்றின் சாரம். ஆகவே உமது சேர்ச்சின் மூத்தவர்கள் "இதுதான் எங்கட மெதடிஸ்த முறை" என்று சொன்னால், வெஸ்லி அவர்கள் பக்கம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் வெஸ்லி மதுக்கடைப் பாட்டு மெட்டுகளை எடுத்துத்தான் ஞானப்பாட்டு ஆக்கினார் என்று மண்டபத்தில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது கட்டுக்கதை.

கீபோட் வைக்கலாம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் இந்த வரிக்காக என்னோடு இரண்டு நாள் பேசமாட்டார், ஆனாலும் வைக்கலாம். நாங்கள் "எங்கட பாட்டு" என்று பிடித்துக்கொண்டிருப்பவற்றைப் பாருங்களேன். பாமாலையில் பாதி இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பிறந்தவை. கீர்த்தனைகளில் நல்லவை பல தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாருடையவை, அவர் லுத்தரன் சபை. வாங்கிப் பாடி எங்களுடையதாக்கிக்கொண்டோம். இனியும் வாங்கலாம். ஆனால் ட்றம்ஸ் வாங்கினால் இளைஞர் வந்துவிடுவார்கள் என்று யாரும் உமக்குச் சொன்னால், வாங்கி வைத்த சேர்ச்சுகளில் அந்த ட்றம்ஸ் இப்போது எங்கே கிடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாரும். நான் பார்த்த ஒன்று நத்தார் தொழுவச் சாமான்களுக்குப் பின்னால் தூசியோடு இருந்தது. அடிக்கத் தெரிந்த பொடியன் கட்டாருக்குப் போய்விட்டான்.

சபைகள் ஒன்றாவது பெரிய கதை. வன்னியில் ஒருவர் எந்தச் சபை என்பது அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டில் மிஷன்கள் யாழ்ப்பாணத்தை ஊர் ஊராகப் பங்கு போட்டுக்கொண்டன. வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் அமெரிக்கன் மிஷனுக்கு. நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் அங்கிலிக்கன் ஆட்களுக்கு. யாழ்ப்பாணப் பட்டினமும் பருத்தித்துறையும் எங்களுக்கு. இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்து வந்தவர்கள் மண்வெட்டியோடு சபையையும் கொண்டுவந்தார்கள். பிறகு 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன, அவர்களோடு இன்னும் சில சபைகள் வந்தன. இப்போது ஒரே ஒழுங்கையில் நான்கு விதமான வேதக்காரர். இதைக் கடவுள் தீர்மானித்த பிரிவு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஒன்றாவதற்கு முயற்சி செய்யாமலும் இல்லை. 1947 செப்டெம்பரில் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியபோது அங்குள்ள மெதடிஸ்தரும் அங்கிலிக்கனும் மற்றவர்களும் ஒன்றானார்கள். எங்கள் அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனம் ஆயின, சபாபதி குலேந்திரன் முதற் பேராயர். இலங்கை மெதடிஸ்தர் சேரவில்லை. தீவு முழுவதற்குமாக ஒரே திருச்சபை என்று ஒரு திட்டம் பல வருடம் பேசப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழக்கில் சிக்கி நின்றுபோனது. வழக்கில் நின்றதை நாங்கள் கொள்கையில் நின்றது போலப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் தனியாக வைத்துக்கொள்ள என்னதான் இருக்கிறது? ஒன்றைச் சொல்கிறேன். வருடத்தின் முதல் ஞாயிறு நாங்கள் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறோம். வெஸ்லி 1755இல் தொடங்கியது. "நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன்" என்று தொடங்கும் ஜெபம் அதில் வரும். உமக்கு விருப்பமான வேலையில் என்னை வையும், பாடுபட வையும், உபயோகப்படுத்தும் அல்லது ஒதுக்கி வையும், நிறைவாக்கும் அல்லது வெறுமையாக்கும் என்று போகும். செழிப்பை மட்டும் கேட்கிற ஜெபம் அல்ல. சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

2009ஆம் ஆண்டின் முதல் ஞாயிறு ஜனவரி 4. கிளிநொச்சி விழுந்து இரண்டு நாள். நாங்கள் விசுவமடுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் தறப்பாள் கட்டி இருந்தோம். புத்தகம் ஒன்றும் கையில் இல்லை. பக்கத்துத் தறப்பாளில் இருந்த எங்கள் சபைக் கிழவர் ஒருவர், விறகு பிளந்துகொண்டிருந்தவர், கோடரியை வைத்துவிட்டு "பிள்ளை, இண்டைக்கு உடன்படிக்கை எல்லோ" என்றார். எனக்கு முதல் நான்கைந்து வரி ஞாபகம், அவருக்கு மிச்சம். சைவக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து எங்களோடு நின்றாள். "வெறுமையாக்கும்" என்ற இடத்தில் கிழவர் நிறுத்தி, "அது முடிஞ்சுது, அடுத்ததைச் சொல்லு" என்றார்.

அந்த ஜெபத்தை மண்டபத்துக்காரரும் சொல்லலாம், தடை இல்லை. ஆனால் அதைச் சந்ததி சந்ததியாகப் பிள்ளைகளின் வாயில் போட்டு வைக்கிற வேலை எங்களிடம் இருந்தது. நாங்கள் விட்டால் இந்த ஒழுங்கையில் வேறு யாரும் எடுத்துச் செய்யப்போவதில்லை. கீபோட் இருந்தாலென்ன, ஆர்மோனியம் இருந்தாலென்ன, அந்த ஞாயிறு நீர் வாரும்.

மண்டபத்துக்காரர் ஆள் பிடிக்கிறார்கள் என்று எங்கள் சபையில் குறை சொல்வார்கள். அவர்கள் புதன்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். இது பற்றி விசுவமடு வாசகிக்குச் சொல்லும் பதிலையும் வாசியும்.

கேள்வி: நாங்கள் மெதடிஸ்த குடும்பம். மகன் கத்தோலிக்கப் பிள்ளையைக் கட்டியிருக்கிறான். ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு வரச் சொல்லிச் சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். போகலாமா?
– ஒரு தாய், நெடுங்கேணி

பதில்: போங்கள். கூடாரம் அடிக்க நேரத்தோடு போங்கள், ஆவணி 15க்கு முதல் நாள் போனால் மர நிழல் கிடைக்காது.

மாதாவிடம் நேர்த்தி வைப்பது எங்கள் வழக்கம் இல்லை, வைக்காமல் இருங்கள், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். மாந்தையிலிருந்து மடு மாதாவின் சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டி வந்தது ஒல்லாந்தருக்குப் பயந்து. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து. அவர்கள் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் பகிரங்கமாக இங்கே நடமாட முடியாது, யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில்தான் வந்து இறங்கினார். 2008 ஏப்ரலில் அதே சொரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. ஆகவே மடுவில் போய் நின்று சம்பந்திக்கு வேதபாடம் நடத்தும் உரிமை எங்களுக்கு இல்லை. சமையலில் கைகொடுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் ஓர் அக்கா நான்கு மாதமாக ஆராதனைக்கு வருவதில்லை. போய்க் கேட்டேன். நுண்கடன் குழுவில் எடுத்த காசைக் கட்ட முடியவில்லை. அவருக்காக மற்றவர்கள் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அந்த மற்றவர்களில் மூன்று பேர் எங்கள் சேர்ச் ஆட்கள். "எந்த முகத்தோட வந்து அவையோட ஒரே வாங்கில இருக்கிறது?" என்று கேட்கிறார். முகாமைக்குருவிடம் சொன்னேன், ஜெபிப்போம் என்றார். சபை இதில் என்ன செய்யலாம், ரீச்சர்?
– மாதர் சங்க உறுப்பினர், விசுவமடு

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றக் கடிதங்களையும் சேர்த்து இந்த இதழில் போட்டேன்.

அந்தக் குழு முறை உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடவேண்டும். வசூலிக்கிற பொடியன் மோட்டார் சைக்கிளில் வருவான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை அவன் எழும்பமாட்டான், இவர்களும் எழும்ப முடியாது. உலை வைக்காமல் விளக்கு வைக்கும் நேரம்வரை பெண்கள் இருந்த முற்றங்களை நான் கண்டிருக்கிறேன். 2018இல் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் இதற்காக வீதிக்கு வந்தார்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை நீக்குவதாக அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் கடன் வாங்காமல் இருக்க முடிந்ததா? முதற்கடனைக் கட்ட இரண்டாம் கடன்.

இனி எங்கள் சபையின் கதையைக் கேளுங்கள். 1742இல் பிறிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்தருக்கு ஒரு கடன் இருந்தது, கூட்டம் கூடக் கட்டிய வீட்டின் கடன். எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி போடுவோம் என்றார் ஒருவர். ஏழைகள் பலரால் அதுவும் முடியாதே என்றார் இன்னொருவர். அப்போது ஃபோய் என்ற ஒரு கப்டன் எழும்பிச் சொன்னாராம்: மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், ஒவ்வொரு கிழமையும் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், தரக்கூடியவர் தரட்டும், முடியாதவருக்கு நான் போடுகிறேன். மற்றவர்களும் அப்படியே பதினொரு பேரைப் பொறுப்பெடுத்தார்கள்.

வீடு வீடாகப் போனவர்கள் காசை மட்டும் கொண்டுவரவில்லை. இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் சாப்பாடு இல்லை என்று வந்து சொன்னார்கள். வெஸ்லிக்கு அப்போதுதான் பிடிபட்டது, தான் தேடிக்கொண்டிருந்த ஒழுங்கு இதுதான் என்று. அதுதான் எங்கள் "வகுப்பு". பன்னிரண்டு பேர், ஒரு வகுப்புத் தலைவர், கிழமைக்கு ஒருமுறை உன் ஆத்துமம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி. மெதடிஸ்தர் என்று நாங்கள் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அதே கிழமைக் கூட்டம், அதே சின்னக் குழு, அதே தவணை. ஆனால் கணக்கு தலைகீழ். அங்கே முடியாதவளுக்காக அவளைப் போன்ற ஏழைகள் கட்டவேண்டும். ஃபோய் கணக்கில் இருக்கிறவன் கட்டுகிறான். நாங்கள் வகுப்பைக் கைவிட்டோம். பெயர்ப் பட்டியல் மட்டும் சில சேர்ச்சுகளில் இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது, வருடச் சந்தா சேர்ப்பதற்கு. நாங்கள் விட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்த அக்காவைச் சேர்ச்சுக்கு வரச் சொல்லிக் கேட்கவேண்டாம். முதலில் அவருக்காகக் கட்டிய மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும், அவர்களும் கோழி விற்றுக் கட்டியிருப்பார்கள். பிறகு அக்காவோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்தக் கம்பனிக்கு எவ்வளவு, எத்தனை தவணை கட்டியாயிற்று, துண்டு இருக்கிறதா. பல வீடுகளில் எவ்வளவு மிச்சம் என்று கம்பனிக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். கொப்பி எழுதிய பிறகுதான் உங்கள் முகாமைக்குருவிடம் மறுபடி போகவேண்டும். ஜெபிப்போம் என்றவர் தொகையைக் கண்டால் வேறு ஏதாவது சொல்லக்கூடும்.

அதோடு சபையின் சேகரக் கூட்டத்தில் ஒரு யோசனை வையுங்கள். வெஸ்லி 1740களில் லண்டனில் வசதியுள்ளவர்களிடம் காசு சேர்த்து ஒரு கைமாற்று நிதி வைத்தார். 20 ஷில்லிங்குக்கு மேல் இல்லை, மூன்று மாதத்தில் திருப்பவேண்டும், ஒரு வருடத்துக்குள் 250 பேருக்கு உதவியதாக அவரே எழுதியிருக்கிறார். உங்கள் மாதர் சங்கம் வருடாந்த விழாவுக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பகுதியை இப்படி வைக்கலாம். நத்தார் கேக்கின் கனம் கொஞ்சம் குறையும், பாதகமில்லை. "சபை வட்டிக்கடையா?" என்று யாராவது எழும்பிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். வட்டி எடுக்கவேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் சைவம். கோபத்தில் கேட்கவில்லை, அறியத்தான் கேட்கிறேன். உங்கள் ஆட்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதுவும் அரசாங்கத்திடம் போய்விட்டது. இப்போது ஆள் மாற்றுவதைத் தவிர உங்களுக்கு என்ன வேலை?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், முள்ளியவளை

பதில்: ஐயா, நியாயமான கேள்வி. 1814 யூன் 29 அன்று முதல் மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் இறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் வழியில் கப்பலிலேயே செத்துப்போனார். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்ற இருவர் யாழ்ப்பாணம் வந்தார்கள். யாழ் மத்திய கல்லூரியின் தொடக்கம் 1816, வேம்படி 1834, பருத்தித்துறை ஹாட்லி 1838. 1960–61 சட்டங்களோடு இவை அரசிடம் போயின. வன்னியில் நாங்கள் அப்படி ஒன்றும் பெரிதாகக் கட்டவில்லை, அதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். குடாநாட்டுக்காரர் எல்லோரும் வன்னியைப் பார்த்த விதம்தான் எங்கள் சபையும் பார்த்தது.

பள்ளிக்கூடம் போனபோது எங்களுக்கு அடையாளமே போய்விட்டது என்று எங்கள் அப்பா தலைமுறை அழுதது. நான் அழமாட்டேன். என்னைப் பொறுத்தவரை அந்தப் பள்ளிக்கூடங்களின் மிகப் பெரிய விளைச்சல் ஆறுமுக நாவலர். எங்கள் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தார், அங்கேயே படிப்பித்தார், 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்தார், சைவராகவே இருந்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார், 1848இல் வேலையை விட்டுப்போய்ச் சைவப் பள்ளிக்கூடமும் நடத்தினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் மூன்றையும் எங்களிடம் பார்த்து எடுத்து எங்களுக்கே திருப்பி அடித்தார். ஒரு ரீச்சராக எனக்கு அதில் பெருமைதான்.

ஆள் மாற்றுவது பற்றி: போர் முடிந்த கையோடு தகரமும் அரிசியும் கொடுத்து ஜெபத்துக்குக் கூப்பிட்ட கூட்டங்களை நானும் கண்டேன், முகம் சுளித்தேன். உதவி வாங்க வரிசையில் நிற்கிறவளிடம் கடவுள் பெயர் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. வரிசை கலைந்தபிறகு, அவளாக வந்து கேட்டால், சொல்லுவேன். மறைக்கமாட்டேன். நீங்களும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிடும்போது கண்ணகை அம்மன் கதையை மறைப்பதில்லையே.

கேள்வி: அம்மா கிளிநொச்சியில் உங்கள் சபை ஒன்றில் ஐம்பது வருடம் இருந்தவர். அவர் ஞாபகமாக சேர்ச்சுக்கு ஏசியும் புதிய சவுண்ட் சிஸ்டமும் போட்டுத் தர விரும்புகிறேன். இளைய தலைமுறையை இழுக்க உதவும் அல்லவா? ஒரு நினைவுக் கல்லும் வைக்கவேண்டும்.
– ஒரு மகன், ஸ்காபரோ

பதில்: தம்பி, நல்ல மனம். ஏசி வேண்டாம். மாதாமாதம் கரண்ட் பில்லைக் கட்டப்போவது அந்த இருபது பேரும்தான், நீங்கள் இல்லை. யன்னலைத் திறந்தால் குளத்துக் காற்று வரும். சவுண்ட் சிஸ்டமும் வேண்டாம், பிரசங்கிமார் ஏற்கெனவே தேவைக்கு மேல் சத்தம்.

உங்கள் அம்மாவின் சபை ஒரு பாலர் பாடசாலை நடத்துகிறதா என்று கேட்டுப்பாருங்கள். வன்னியில் பல சேர்ச் மண்டபங்களில் நடக்கிறது, எல்லாச் சமயப் பிள்ளைகளும் வருவார்கள், படிப்பிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால் வெட்கமாக இருக்கும். அந்தச் சம்பளத்தை மூன்று வருடத்துக்குப் பொறுப்பெடுங்கள். இன்னும் மிச்சம் இருந்தால், மேலே விசுவமடுத் தங்கச்சிக்குச் சொன்ன கைமாற்று நிதிக்கு முதற்காசு போடுங்கள்.

கல்லுக்கு ஆட்சேபணை இல்லை. அளவை மட்டும் முதலே சபைக்கு எழுதிக் கேளுங்கள். போன வருடம் லண்டனிலிருந்து ஒருவர் காசு அனுப்பிச் செய்வித்த கல் யன்னலை மறைக்கிறது என்று எங்கள் சேர்ச்சில் இன்னும் சண்டை முடியவில்லை.